சாட்சியின் சொல்லைச் சொல்வது யார்?

வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர் கூண்டில் நின்று கால் மணி நேரம் பேசுகிறார். எந்த நாள், எந்த இடம், பக்கத்தில் யார் யார் நின்றார்கள், எதிரி என்ன சொன்னான், தான் என்ன பதில் சொன்னேன் என்று ஒன்று விடாமல் சொல்கிறார். பதிவில் ஏறும்போது அது நான்கு வரி ஆகிவிடுகிறது. அந்த நான்கு வரியில் எதிரியின் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. எதிரி சொன்ன சொல் மட்டும் இல்லை. அந்த இடத்தில் ‘சாதிப் பெயரைச் சொல்லி அசிங்கமாகத் திட்டினார்’ என்று, எந்த வழக்குக்கும் பொருந்தக்கூடிய ஒரு வாசகம் உட்கார்ந்திருக்கிறது. சாட்சியின் வாய்க்கும் நீதிமன்றத்தின் ஏட்டுக்கும் நடுவில் யாரோ ஒருவர் இந்த வேலையைச் செய்கிறார். அவர் யார், அந்த வேலைக்கு அவருக்கு என்ன தகுதி என்று எவரும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. இந்த வாரம் அதைத்தான் எழுத வந்தோம்.

சாட்சியும் தமிழர், நீதிபதியும் தமிழர், நடுவில் மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். திருவள்ளூர் மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, திருத்தணி வட்டாரங்களில் வீட்டிலும் தெருவிலும் தெலுங்கு பேசும் தலித் குடும்பங்கள் உண்டு. நரிக்குறவர்கள் தங்களுக்குள் பேசுவது வாக்ரிபோலி. 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்த அவர்களுக்கும் இன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. செங்கல் சூளைகளில் ஒடிசாவின் பலாங்கீர் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து கல் அறுக்கிறவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் ஆதிவாசிகளும்தான். இவர்களை விட்டுவிட்டுத் தமிழ் பேசுகிறவர்களை மட்டும் எடுத்தாலும், இருளர் பேசும் தமிழும் சேரித் தமிழும் அப்படியே ஏட்டில் ஏறுவதில்லை. கச்சேரித் தமிழாக மாறித்தான் ஏறுகின்றன. சில நீதிமன்றங்களில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. சாட்சி தமிழில் சொல்ல, பதிவு நேராக ஆங்கிலத்தில் தட்டச்சாகிறது. தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தை 1976-ல் திருத்திக் கீழமை நீதிமன்றங்களுக்குத் தமிழைக் கொண்டுவந்த மாநிலம் இது.

சரி, மொழிபெயர்ப்பது யார்? அன்றைக்கு யார் கிடைக்கிறாரோ அவர். பெஞ்ச் கிளார்க்குக்குத் தெலுங்கு தெரிந்தால் பெஞ்ச் கிளார்க். இல்லையென்றால் கோர்ட் டியூட்டிக்கு வந்த காவலர். அவருக்கும் தெரியாவிட்டால் வேறொரு வழக்குக்காக வந்து உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர். “ஏம்பா, உனக்கு அந்தப் பாஷை தெரியுமா? வா, இந்தம்மா என்ன சொல்லுதுன்னு சொல்லு.” இவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு வருகிறவர்கள் அல்லர். உதவியாக நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒருவருடைய ஆயுள் தண்டனையோ விடுதலையோ தொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில், நிலப் பத்திரம் எழுதுகிறவருக்குக் கேட்கும் உரிமத்தைக்கூட இந்த வேலைக்கு நாம் கேட்பதில்லை.

கொத்தடிமை விசாரணைகளில் நிலைமை இன்னும் மோசம். வருவாய்க் கோட்டாட்சியர் சூளைக்குப் போய் விசாரிக்கும்போது ஒடியா தெரிந்தவர் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அவர்தான் முன்பணம் கொடுத்து அவர்களைக் கூட்டி வந்த மேஸ்திரி. “வெளியே போக விடுகிறார்களா என்று கேளுங்கள்” என்று அதிகாரி தமிழில் கேட்கிறார். மேஸ்திரி ஒடியாவில் என்ன கேட்டார் என்பது மேஸ்திரிக்குத்தான் தெரியும். தொழிலாளி நாலு வாக்கியம் சொல்கிறார். “ஒரு குறையும் இல்லைங்கறாங்க சார்” என்று தமிழில் திரும்பி வருகிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. கடன் என்று ஒருவன் உரிமை கோரினால், அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவன் தலையிலேயே வைத்த சட்டம் அது. அவ்வளவு யோசித்து எழுதிய சட்டத்தைக் கடன் கொடுத்தவனுடைய ஆளே மொழிபெயர்ப்பாளராக நின்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட முடிகிறது. விடுதலைச் சான்றும் மறுவாழ்வுத் தொகையும் அந்த ஒரு வாக்கியத்தில்தான் இருக்கின்றன.

சொல்லில் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் என்ன, விஷயம் போய்ச் சேர்ந்தால் போதாதா என்று படித்தவர்களே கேட்கிறார்கள். திருட்டு வழக்கில் அப்படிக் கேட்கலாம். காணாமல் போன வண்டியைக் கண்ணால் காட்டிவிட முடியும். வன்கொடுமை வழக்குகள் பலவற்றில் குற்றமே சொல்லில்தான் நடக்கிறது. பொதுப்பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதிப்பது ஒரு குற்றம். சாதிப் பெயரைச் சொல்லி ஏசுவது இன்னொரு குற்றம். சட்டத்தின் 3(1) பிரிவில் ‘ஆர்’, ‘எஸ்’ என்ற இரண்டு உட்பிரிவுகளும் இவற்றைத்தான் சொல்கின்றன. சொன்ன சொல் ஏட்டில் இல்லையென்றால் குற்றத்துக்கு உடம்பே இல்லை.

எங்கள் பக்கத்தில் “வூட்டாண்ட வந்து திட்னாரு” என்பார்கள். ‘ஆண்ட’ என்றால் அருகில். வீட்டுக்கு முன்னால், தெருவில், நாலு பேர் பார்க்கும்படி நின்று திட்டினார் என்று பொருள். இதை ஆங்கிலத்தில் ‘வீட்டில்’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? நான்கு சுவருக்குள் நடந்தது பொதுப்பார்வையில் நடந்ததாகாது என்று 2020-ல் உத்தராகண்ட் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் லால்குடிப் பக்கத்து வழக்கொன்றில், சம்பவம் அலுவலக அறைக்குள் நடந்தது என்று கூறி அதே காரணத்துக்காக வழக்கையே ரத்து செய்தது. வீட்டு கேட்டின் அருகே நின்றவரை ஏசியது பொதுப்பார்வையில்தான் நடந்தது என்று 2008-ல் சொன்னதும் அதே உச்ச நீதிமன்றம். வாசலா, உள்ளேயா என்பதில்தான் வழக்கு நிற்கிறது. அந்த வாசல், மொழிபெயர்ப்பவருடைய அவசரத்தில் காணாமல் போகிறது. தெலுங்கில் ‘இண்டிகாட’ என்று சொல்கிறவர்களுக்கும் இதே கதிதான்.

இடத்தைவிடச் சிக்கலானது மரியாதை. எழுபது வயதுக் கிழவரைப் பள்ளிக்கூடம் போகும் பையன் “டேய், இங்க வாடா” என்று கூப்பிடுகிறான். சாதிப் பெயர் அதில் இல்லை. ஆனால் ஊரில் அந்த வயதுள்ள வேறு எவரையும் அவன் அப்படிக் கூப்பிட மாட்டான் என்பது அந்தத் தெருவில் நின்ற எல்லோருக்கும் தெரியும். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்திருக்கிற மொழி நம்முடையது. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். ‘அவர் என்னை அழைத்தார்’ என்று ஏட்டில் ஏறிய பிறகு, குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் கேட்கிறார்: “அழைத்ததில் என்ன அவமானம்?” சரியான கேள்விதானே! ஏட்டில் உள்ளதைத்தானே அவர் கேட்கிறார்.

பெண்கள் விஷயத்தில் வேறு மாதிரி நடக்கிறது. சாதியையும் உடம்பையும் சேர்த்துத் திட்டிய சொல்லை ஒரு பெண் ஆண்கள் நிறைந்த அறையில் தன் வாயால் சொல்ல வேண்டும். அவரும் துணிந்து சொல்லிவிடுகிறார். கேட்டுச் சொல்ல வேண்டிய ஆண் கூச்சப்பட்டு, “ஆபாசமாப் பேசினாங்களாம்” என்று முடித்துக்கொள்கிறார். அந்தப் பெண் பட்ட சிரமம் வீண்.

இதெல்லாம் சேர்ந்து கடைசியில் முரண்பாடு என்ற பெயரில் சாட்சியின் தலையில் விழுகிறது. புகாரைக் காவல் நிலையத்தில் ஒருவர் ஒரு விதமாக எழுதினார். டிஎஸ்பி விசாரணையில் எழுதியவர் வேறு விதமாக எழுதினார். நீதிமன்றத்தில் மூன்றாவது ஆள் மூன்றாவது விதமாகச் சொன்னார். சாட்சி மூன்று இடத்திலும் சொன்னது ஒன்றுதான். “அன்றைக்குத் தெரு என்றாய், இன்றைக்கு வாசல் என்கிறாய், எது பொய்?” என்று கேட்கும்போது அவர் விழிக்கிறார். விழித்ததும் சந்தேகத்தின் பலன் எதிரிக்குப் போகிறது. ‘நம்மாட்கள் சாட்சியில் நிற்க மாட்டார்கள்’ என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நின்றவர்கள் கதை இது.

தொல்காப்பியர் வழிநூலை நான்கு வகையாகப் பிரிக்கிறார். தொகுத்தல் ஒன்று, விரித்தல் ஒன்று, தொகைவிரி ஒன்று, மொழிபெயர்ப்பு ஒன்று. தமிழ் படித்த மாணவர்கள் மரபியலில் பார்த்திருப்பார்கள். தொகுப்பது வேறு, மொழிபெயர்ப்பது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நீதிமன்றங்களில் தொகுத்துவிட்டு அதற்கு மொழிபெயர்ப்பு என்று பெயர் வைக்கிறோம்.

நம் ஊர் நோய் மட்டும் இல்லை இது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கூலி வேலைக்குப் போன நெக்ரான் என்ற இளைஞர் மீது 1967-ல் கொலை வழக்கு நடந்தது. அவருக்கு ஸ்பானிய மொழி மட்டுமே தெரியும். சாட்சிகளில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் பேசினார்கள். அரசுத் தரப்பு அமர்த்திய மொழிபெயர்ப்பாளர், விசாரணைக்கு இடைவேளை விட்ட நேரத்தில் பத்து இருபது நிமிடம் அவரிடம் உட்கார்ந்து, நடந்ததைச் சுருக்கிச் சொன்னார். அங்கேயும் தொகுத்தல்தான். தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் ஒருவன் தன் வழக்கிலேயே உட்கார்ந்திருப்பது நியாயமான விசாரணை ஆகாது என்று 1970-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1978-ல் அந்த நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சட்டம் வந்தது. தேர்வு வைத்துச் சான்று கொடுக்கும் முறையும் அதோடு வந்தது. ஒரு கூலித் தொழிலாளியின் வழக்கு அதற்கு வழிவிட்டது என்பதை நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்ல மாட்டோம். 1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டம், 4-ஆம் பிரிவில், சாட்சியைப் போலவே சாட்சியத்தை மொழிபெயர்ப்பவரும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்கிறது. மொழிபெயர்ப்பாளர் உண்மையான பொருளைச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 282-ஆம் பிரிவு சொன்னது. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. உறுதிமொழி எடுத்துவிட்டு, உண்மை அல்ல என்று தெரிந்தே மொழிபெயர்த்தால் அது பொய்ச் சாட்சியம். ஏழு ஆண்டு வரை சிறை. 2012-ல் ராஜஸ்தான் வழக்கொன்றில், பேச முடியாத சாட்சி பற்றிப் பேசும்போது, மொழிபெயர்ப்பவர் சாட்சியின் சூழலை அறிந்தவராக இருக்க வேண்டும், வழக்கில் அவருக்கு எந்த நலனும் இருக்கக் கூடாது, அவரிடம் உறுதிமொழி வாங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பிறகு எங்கே ஓட்டை? அதே 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, உறுதிமொழி எடுக்கத் தவறியதால் மட்டும் விசாரணை செல்லாமல் போகாது என்கிறது. எடுக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்றால் அவசரத்தில் யார் எடுப்பார்கள்? உறுதிமொழி இல்லாத இடத்தில் பெயரும் பதிவாவதில்லை. பெயர் இல்லாதவர் மீது யார் வழக்குப் போடுவது? ஏழு ஆண்டுச் சிறை சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அப்படியென்றால் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்துவிட்டால் தீர்ந்துவிடுமா என்றால், எங்களுக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. சான்றிதழ் யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியும். பட்டமும் ஆங்கிலமும் உள்ளவர் தேர்வு எழுதித் தேறுவார். அவர் சேரிக்குள் ஒரு நாளும் கால் வைத்திருக்க மாட்டார். ‘வூட்டாண்ட’ அவருக்கும் ‘வீட்டில்’தான். வெள்ளைக்காரன் காலத்துத் துபாஷிகள் இரண்டு மொழியிலும் கெட்டிக்காரர்கள்தான். அந்தக் கெட்டிக்காரத்தனம் யாருக்குப் பயன்பட்டது என்பதையும் வரலாறு சொல்கிறது. எனவே தேர்வு வைத்தால் முதலில் சாட்சியின் பேச்சில் வைக்க வேண்டும், ஆங்கிலம் பிறகு வரட்டும். அந்தத் தேர்வு வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பெயர், உறுதிமொழி, வழக்கில் நலன் இல்லை என்ற அறிவிப்பு ஆகிய மூன்றும் நாளைக் காலையிலேயே பதிவாகலாம். ஒரு பைசா செலவில்லை.

வழக்கில் நிற்கிற நம் மக்களும் சில விஷயங்களைக் கேட்டு வாங்க முடியும். சன்ஹிதாவின் 312-ஆம் பிரிவின்படி, நீதிமன்ற மொழியில் சாட்சி பேசினால் அந்த மொழியிலேயே பதிவு செய்ய வேண்டும். வேறு மொழியில் பேசினால், முடிந்தவரை அவர் பேசிய மொழியிலேயே எழுதலாம். முடியாதபோதுதான் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு. சாட்சியம் முடிந்ததும் அதைச் சாட்சிக்குப் படித்துக்காட்ட வேண்டும். பதிவு வேறு மொழியில் இருந்தால் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லிக்காட்ட வேண்டும் என்பது 313. தவறு என்று சாட்சி சொன்னால் நீதிபதி திருத்தலாம். திருத்தாவிட்டால் அந்த மறுப்பையாவது குறித்து வைக்க வேண்டும். “கையெழுத்துப் போடும்மா, நேரமாச்சு” என்று தாளை நீட்டும்போது, “ஐயா, ஒருதரம் படிச்சுக் காட்டச் சொல்லுங்க” என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. குறிப்பிட்ட பகுதியைக் கேள்வி பதிலாகவே எழுதும் அதிகாரம் அமர்வு நீதிபதிக்கு 311-ஆம் பிரிவில் உண்டு. எதிரி சொன்ன சொல்லை மட்டுமாவது சொன்னபடியே தமிழ் எழுத்தில் பதியச் சொல்லி அரசு சிறப்பு வழக்கறிஞர் கேட்கலாம். கேட்கச் சொல்லி நாம் அவரிடம் எழுதிக் கொடுக்கலாம்.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள 15ஏ பிரிவு, வன்கொடுமை வழக்கின் எல்லா நடவடிக்கைகளையும் காணொளியில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அந்தப் பதிவு இருந்தால் சாட்சி உண்மையில் என்ன சொன்னார் என்பதை உயர் நீதிமன்றத்திலும் கேட்டுப் பார்க்கலாம். மேல்முறையீட்டில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் போகிறது. சாட்சியின் குரல் அங்கே போய்ச் சேர இதைவிட்டால் வேறு வழியில்லை. தீர்ப்புகளை மொழிபெயர்க்க உச்ச நீதிமன்றம் 2019-லேயே ‘சுவாஸ்’ என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. நீதிபதி சொன்னது சாட்சிக்குப் புரிய இவ்வளவு ஏற்பாடு நடக்கிறது. சாட்சி சொன்னது நீதிபதிக்குப் புரியவும் கொஞ்சம் செலவு செய்யலாம்.

செய்ய முடியாதது என்றும் சொல்ல முடியாது. குழந்தைகளுக்கான போக்சோ சட்டத்தில் ஏற்கெனவே செய்திருக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மொழிபெயர்ப்பாளர்கள், சிறப்புக் கல்வியாளர்கள் ஆகியோரின் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். அவர்களுக்குக் கட்டணம் அரசு நிதியிலிருந்து. சைகை மொழிக்கு மட்டும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தின் தகுதி கேட்கிறார்கள். பேச்சு மொழிகளுக்கு, அந்த மொழி தாய்மொழியாக இருந்தாலோ, தொடக்கப் பள்ளியில் அதில் படித்திருந்தாலோ, தொழிலாலோ அந்தப் பகுதியில் வாழ்ந்ததாலோ கற்றிருந்தாலோ போதும்; மாநில ஆட்சிமொழியும் தெரிந்திருக்க வேண்டும். இதே பதிவேட்டை வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்துக்கும் கொத்தடிமை விசாரணைக்கும் நீட்டிக்கும்படி மாவட்ட ஆட்சியரிடமும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் மனு கொடுக்க இருக்கிறோம். அடுத்த மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இதைப் பொருளாக வைக்க வேண்டும்.

அதுவரை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் நரிக்குறவர் பிள்ளைகளும், வீட்டில் தெலுங்கு பேசும் நம் கல்லூரி மாணவர்களும், பல ஆண்டுகளாக இங்கேயே தங்கித் தமிழ் கற்றுக்கொண்ட ஒடிசாக்காரர்களும் அந்தப் பதிவேட்டில் தங்கள் பெயரைச் சேர்க்கக் கேட்டு எழுதலாம். குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு வெள்ளைத் தாளில் விண்ணப்பம் போதும். தெரிந்த மொழிகளையும், அவற்றைக் கற்ற விதத்தையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். கொடுத்த தாளின் நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.